எம் பேண்ட் வந்துவிட்டது, மருந்து எங்கே டாக்டர்?

தென் மாவட்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் 57 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மனைவி வற்புறுத்தி மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு அழைத்துப்போனதில் ரத்தத்தில் குளோபுலின் என்ற புரோட்டீன் கொஞ்சம் கூடுதல், இஎஸ்ஆரும் கூடுதல் என்று வந்திருக்கிறது. அடுத்து ரத்தப் புரோட்டீன்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரிஸிஸ் எடுத்தார்கள். அதில் எம் பேண்ட் டெசிலிட்டருக்கு 0.7 கிராம், வகை ஐஜிஜி கப்பா. ஃப்ரீ லைட் செயின் (அந்தப் புரோட்டீன்களின் தனியாகத் திரியும் துண்டுகள்) விகிதம் 1.1. ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் மூன்றும் நார்மல். பெரிய ஊருக்குப் போய் ரத்தநோய் நிபுணரைப் பார்த்திருக்கிறார். அவர் ஐந்தே நிமிடத்தில், "இதற்குப் பெயர் எம்.ஜி.யு.எஸ்., மருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது பிரச்சினை. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் இரவெல்லாம் உட்கார்ந்து தேடியதில் "எம்.ஜி.யு.எஸ். சிகிச்சைச் சந்தை, வரும் பத்தாண்டுகளுக்கான கணிப்பு" என்று ஒரு மார்க்கெட் ரிப்போர்ட் அகப்பட்டிருக்கிறது. வருடா வருடம் சந்தை வளரும், பெரிய பெரிய கம்பெனிகள் போட்டியில் இருக்கின்றன என்று அதில் இருக்கிறதாம். "சிகிச்சையே இல்லை என்றால் சிகிச்சைக்கு எப்படி டாக்டர் சந்தை இருக்கும்? நமக்குக் கட்டுப்படியாகாது என்று நினைத்து டாக்டர் சொல்லாமல் விட்டாரா?" என்று கேட்கிறார். கூடவே இன்னும் சில செய்திகள்: பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி நான்கு கிலோ இறங்கியிருக்கிறார். "ரத்தப் புரோட்டீனைக் குறைக்கும்" பவுடர் ஒன்றை மாதம் 4,800 ரூபாய்க்கு ஒருவர் தருகிறார். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள உறவினர் ஒருவர் சாப்பிடும் லெனலிடமைட் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறதே, அதை இப்போதே ஆரம்பிக்கலாமா என்கிறார். ஆறு வருடமாக வைத்திருக்கும் இன்ஷூரன்ஸை விட்டு வேறு கம்பெனிக்கு மாறுங்கள், இந்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

சரி, உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

முதலில் அந்த ஐந்து நிமிடம். உங்கள் டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. சொன்ன விதத்தில் உங்களுக்குக் குறை இருக்கிறது, அது நியாயம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, ஆபத்து குறைவானவருக்குத்தான் நாங்கள் குறைவாக நேரம் கொடுக்கிறோம், நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு "புற்றுநோய்க்கு முந்தைய நிலை" என்ற சொல் மட்டும்தான் காதில் விழுகிறது. மிச்சத்தை இரவில் இணையம் சொல்லித் தருகிறது.

உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை இருக்கின்றன, நோய்க் கிருமிகளுக்கு எதிரான புரோட்டீன்களைத் தயாரிப்பது அவற்றின் வேலை. ஒவ்வொரு செல் குடும்பமும் ஒவ்வொரு அளவு ஆணி அடிக்கிற பட்டறை மாதிரி. ஆரோக்கியமான ரத்தத்தில் ஆயிரம் அளவு ஆணிகள் கலந்து கிடக்கும். உங்கள் உடம்பில் ஒரே ஒரு பட்டறை கொஞ்சம் பெருத்துப்போய், ஒரே அளவு ஆணியைத் தேவைக்கு மேல் அடித்துக் குவிக்கிறது. எலக்ட்ரோஃபோரிஸிஸ் தாளில் அந்தக் குவியல் கோபுரம் மாதிரி ஒல்லியாக, கூராக நிற்கும். அதுதான் எம் பேண்ட், அதில் உள்ள புரோட்டீன்தான் எம் புரோட்டீன். காசநோயோ நாள்பட்ட வேறு தொற்றோ இருந்தாலும் குளோபுலின் ஏறும், ஆனால் அப்போது வரைபடம் கூடாரம் மாதிரி அகலமாகத்தான் உப்பும். உங்களுடையது கூரானதுதான், அதனால் நோயறிதலில் சந்தேகம் இல்லை.

இந்த நிலைக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல், 1978இல். அதற்கு முன்பு இதைத் தீங்கற்றது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைல் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோது சிலருக்கு அது மைலோமாவாக மாறியது, பலருக்கு மாறவேயில்லை, யாருக்கு மாறும் என்று முதல் நாளே சொல்ல முடியவில்லை. அதனால் "இதன் பொருள் இன்னும் தீர்மானமாகவில்லை" என்கிற அர்த்தத்திலேயே 'மோனோகுளோனல் காமோபதி ஆஃப் அன்டிடர்மின்ட் சிக்னிஃபிகன்ஸ்', சுருக்கமாக எம்.ஜி.யு.எஸ்., என்று பெயர் வைத்துவிட்டார். மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான பெயர் ரொம்பக் குறைவு. 50 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கிறது என்பது அவர்கள் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தையே பரிசோதித்துக் கண்ட கணக்கு. பெரும்பாலானவர்கள் இது இருப்பது தெரியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்துபோகிறார்கள்.

உங்கள் எண்கள் என்ன சொல்கின்றன

எல்லா எம்.ஜி.யு.எஸ்.ஸையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு மைலோமாவாகவோ அதைச் சேர்ந்த வேறு நோயாகவோ மாறுகிறது. ஆனால் எல்லோரும் ஒரே தராசில் இல்லை. நாங்கள் மூன்று விஷயம் பார்ப்போம்: எம் புரோட்டீன் 1.5 கிராமுக்கு மேலா, வகை ஐஜிஜி அல்லாத வேறொன்றா, ஃப்ரீ லைட் செயின் விகிதம் 0.26 முதல் 1.65 என்ற வரம்புக்கு வெளியே இருக்கிறதா. மூன்றும் இருந்தால் 20 வருடத்தில் 58 சதவீதம் பேருக்கு நோய் முற்றுகிறது. மூன்றுமே இல்லையென்றால் 5 சதவீதம். உங்களுக்கு மூன்றுமே இல்லை. அந்த 5கூட, வேறு காரணத்தால் நடுவில் இறப்பவர்களையும் கணக்கில் எடுத்தால் 2க்கு இறங்கிவிடுகிறது. மஜ்ஜைப் பரிசோதனை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, இந்த மாதிரி எண்கள் உள்ளவருக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்ப்பதில் கிடைப்பது அனேகமாக வலி மட்டும்தான் என்பதால் எடுக்கவில்லை.

சந்தை எங்கே இருக்கிறது

உங்கள் மகன் கண்டது பொய்யான ரிப்போர்ட் என்று நான் சொல்லமாட்டேன். அது யாருக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதலீடு செய்கிறவர்களுக்கும் மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரிவுக்கும் விலைக்கு விற்கப்படும் சரக்கு அது. இது மாதிரி ரிப்போர்ட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எம்.ஜி.யு.எஸ்., அதற்கு அடுத்த படியான ஸ்மோல்டரிங் மைலோமா, முழு மைலோமா ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருப்பார்கள். ஸ்டீராய்டு, கீமோ என்று மைலோமாவுக்குக் கொடுக்கிற மருந்துகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் "சிகிச்சை" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். வயதானவர்கள் பெருகுகிறார்கள், செக்கப் எடுக்கிறவர்கள் பெருகுகிறார்கள், அதனால் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் பெருகுகிறார்கள். அந்த வளர்ச்சிக் கோட்டில் ஒரு பெரிய பங்கு இதுதான். ஆறு மாதம் கழித்து நீங்கள் கொடுக்கப்போகிற லேப் பில்லும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி.

எம்.ஜி.யு.எஸ்.ஸுக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து உலகத்தில் எங்கேயும் இல்லை. அமெரிக்காவிலும் இல்லை, பணக்காரருக்கும் இல்லை. உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒரு படி மேலே நிஜமாகவே மாற்றம் வந்திருக்கிறது, மகன் கண்ட உற்சாகத்துக்கு அடிப்படையும் அதுதான். ஸ்மோல்டரிங் மைலோமா என்பது எம் புரோட்டீன் 3 கிராமை எட்டிய, அல்லது மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்தை எட்டிய நிலை. உடம்பில் பாதிப்பு இன்னும் தெரியாது, ஆனால் முதல் ஐந்து வருடம் வருடத்துக்குப் பத்து சதவீதம் பேருக்கு மைலோமாவாக மாறும். அதிலும் ஆபத்து அதிகமுள்ள 390 பேரை வைத்து அக்விலா என்றொரு ஆய்வு நடந்தது, முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. பாதிப் பேருக்கு டராட்டுமுமாப் என்ற ஊசி மூன்று வருடம் வரை, முதலில் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மீதிப் பேருக்கு கண்காணிப்பு மட்டும். ஐந்து வருட முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 63 சதவீதம், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 41 சதவீதம். இதை வைத்துத்தான் 2025இல் முதலில் ஐரோப்பாவும் அடுத்து அமெரிக்காவும் ஆபத்து அதிகமான ஸ்மோல்டரிங் மைலோமாவுக்கு அந்த ஊசியை அனுமதித்தன.

நல்ல முடிவுதான். ஆனால் அந்த 41ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊசியே போடாமல் நூற்றில் 41 பேர் ஐந்து வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். எல்லோருக்கும் போட்டால் அந்த 41 பேருக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம், தீவிரமான தொற்று வரும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். வேகமாக முற்றக்கூடிய கூட்டத்திலேயே இப்படி. இப்போது உங்கள் கூட்டத்துக்கு வாருங்கள், 20 வருடத்தில் நூற்றில் ஐந்து பேர். 95 பேருக்குத் தேவையில்லாத மருந்தை நூறு பேருக்குக் கொடுக்க வேண்டுமானால் அது எவ்வளவு மலிவாகவும் எவ்வளவு சாதுவாகவும் இருக்க வேண்டும்! அப்படியொரு மருந்து இன்னும் யார் கையிலும் இல்லை. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எம்.ஜி.யு.எஸ்.ஸில் முயன்று பார்க்கும் ஆய்வு அமெரிக்காவில் நடப்பது இந்தக் காரணத்தால்தான், மலிவு, பழகியது, சாது. மறுபக்கம் மைலோமாவின் கடைசிக் கட்டத்துக்கு வந்த பெரிய ஆயுதங்களைக்கூட ஸ்மோல்டரிங் நிலையில் முயன்று பார்க்கிறார்கள். கம்பெனிக்குக் கணக்கு எளிது. ஒரு மருந்து நோயின் முன்படிக்கு நகர நகர வாங்குகிறவர்களும் அதிகம், வாங்குகிற காலமும் அதிகம். அந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். அந்த வளர்ச்சிக்கு நீங்கள் வாடிக்கையாளராகாமல் இருப்பதுதான் உங்களுக்கு லாபம், அவ்வளவுதான்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் உண்மையில் நன்மை இருக்கிறதா என்பதே இன்னும் விசாரணையில் உள்ள கேள்வி. ஐஸ்லாந்தில் 2016 முதல் 40 வயதைத் தாண்டிய 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடத்துகிறார்கள். அதில் எம் புரோட்டீன் இருப்பதாகத் தெரிந்தவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அது இருப்பதையே சொல்வதில்லை. அதற்கு அவர்கள் முன்பே சம்மதித்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டவர்கள் நன்றாக இருக்கிறார்களா, தெரியாதவர்களா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். நீங்கள் தூக்கமில்லாமல் எழுதிய நான்கு பக்கத்தைப் படிக்கும்போது அந்தச் சொல்லப்படாத பிரிவை நினைத்துக்கொண்டேன்.

லெனலிடமைட்

வேண்டாம். இந்தியாவில் ஜெனரிக் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மை, மைலோமா நோயாளிகளுக்கு அது பெரிய வரம். ஆபத்து அதிகமான ஸ்மோல்டரிங் மைலோமாவில் அது பலன் தருவதை ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2013லேயே காட்டியது. உங்கள் நிலைக்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை. ரத்த அணுக்கள் குறையலாம், காலில் ரத்தம் உறையலாம், வேறு வகைப் புற்றுநோய் வரும் வாய்ப்புக்கூட கொஞ்சம் கூடுகிறது. கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் தாலிடமைட் குடும்பத்து மருந்து என்பதால் கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அஜாக்கிரதையாக வைத்திருக்கவே கூடாது. உறவினரின் டப்பாவிலிருந்து நான்கு மாத்திரை வாங்கிப் பார்க்கிற சமாசாரம் இல்லை இது.

பருப்பும் பவுடரும்

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்படுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எம் புரோட்டீன் என்பது பட்டறை அடிக்கிற ஆணி, சாம்பாரில் கிடக்கிற பருப்பு அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம், உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை, என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் பட்டினி கிடந்தாலும் அந்தச் செல் தன் வேலையைச் செய்யும். குறைந்ததெல்லாம் உங்கள் தசைதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: காரணமில்லாமல் எடை குறைவது நாங்கள் பயப்படுகிற அறிகுறிகளில் ஒன்று. நீங்களாகவே நான்கு கிலோவை இறக்கி வைத்துக்கொண்டு அடுத்த முறை போனால், பாவம் அந்த டாக்டர் எதை நம்புவார்? முட்டையை நாளைக்கே ஆரம்பியுங்கள், மீனும்தான்.

பவுடரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விற்கிறவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். இந்த நோயில் நாங்கள் கண்ணுக்குள் வைத்துக் காப்பது சிறுநீரகத்தை. உள்ளே என்னவென்று தெரியாத பவுடரைத் தினம் கரைத்துக் குடிப்பது அதற்கு நேர்மாறான காரியம். மஞ்சளில் உள்ள குர்க்குமினை எம்.ஜி.யு.எஸ்.ஸில் சிறிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள், மருந்து என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ரசத்தில் போடுகிற மஞ்சள் போகட்டும், அதிக வீரியக் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு.

இன்ஷூரன்ஸ்

ஏஜென்ட் சொன்னதைக் கேட்காதீர்கள். புதிய பாலிசி எடுக்கும்போது ஏற்கனவே தெரிந்த நோயைச் சொல்லியாக வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளெய்மை மறுப்பார்கள், பாலிசியையே ரத்து செய்யலாம். லேப் ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது, டாக்டர் சீட்டில் நோயின் பெயரே இருக்கிறது, இதை எப்படி மறைப்பது? அதோடு, உங்கள் பழைய பாலிசிக்கு இப்போது ஒரு மதிப்பு இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் மாற்றிய விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நீங்கள் இதைச் சொல்லவில்லை" என்று கம்பெனி கிளப்ப முடியாது. ஆறு வருடம் கட்டிய நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பாலிசி எடுத்த பிறகு கண்டுபிடித்த நிலை என்பதால் அதைக் காட்டிப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. தொகை போதாது என்றால் அதே பாலிசியில் கூட்டக் கேளுங்கள், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாக ஆரம்பிக்கும். வேறு கம்பெனிக்கு மாறியே ஆக வேண்டுமென்றால் ரிப்போர்ட்டைக் கொடுத்து போர்ட் செய்ய (பழைய பாலிசியின் வருடங்கள் தொடரும்படி மாற்ற) கேளுங்கள், அவர்கள் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதை விடாதீர்கள்.

செலவைப் பற்றி மகனுக்கு ஒரு தகவல். டராட்டுமுமாப் இங்கேயும் விலை அதிகம்தான், ஆனால் 2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி முழுவதும் நீக்கப்பட்ட 36 மருந்துகளில் அதுவும் ஒன்று. எப்போதாவது தேவைப்படுகிற ஒரு காலம் வந்தால் நிலைமை இன்றைக்கு இருப்பதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. அந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாமா என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு நான் ஆள் இல்லை.

இனி என்ன செய்வது

ஆறாவது மாதம் அதே லேபில் எலக்ட்ரோஃபோரிஸிஸ், ஃப்ரீ லைட் செயின், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம். லேப் மாறினால் 0.7 என்பது 0.9 ஆகத் தெரியலாம், அதற்கு ஒரு மாதத் தூக்கம் போய்விடும். எண்கள் நகராமல் இருந்தால் அதன்பின் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். அதற்கு நடுவில் நுரை நுரையாகச் சிறுநீர் போவது, கால் வீக்கம், ஓய்வெடுத்தும் விடாத முதுகு வலி, காரணமில்லாத அசதி, அடிக்கடி நிமோனியா மாதிரித் தொற்று, கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எம் புரோட்டீன் குறைவாக இருக்கும்போதே அபூர்வமாகச் சிலருக்கு அது சிறுநீரகத்திலோ இதயத்திலோ படிந்து கெடுக்கும். அது வேறு கதை, அப்போது எம்.ஜி.யு.எஸ்.தானே என்று சும்மா இருக்கக் கூடாது, சிகிச்சை உண்டு. எலும்பு முறிவும் தொற்றும் மற்றவர்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால் வைட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிமெண்ட் மூட்டையை நீங்களே இறக்குவதைக் கடைப்பையனிடம் விடலாம்.

பிள்ளைகளுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்பது உண்மை, ஆனால் முப்பது வயதில் ரொம்பச் சிறிய எண்ணை மூன்றால் பெருக்கினாலும் சிறிய எண்தான். வயது ஐம்பதைத் தாண்டும்போது அவர்கள் டாக்டரிடம் "அப்பாவுக்கு எம் பேண்ட் இருந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த முறை அந்த நிபுணரைப் பார்க்கப் போகும்போது கேள்விகளை ஒரு தாளில், அதிகபட்சம் ஐந்து, எழுதிக்கொண்டு போங்கள். மகனையும் அழைத்துப்போங்கள். மார்க்கெட் ரிப்போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும், எலக்ட்ரோஃபோரிஸிஸ் வரைபடத்தின் ஒரிஜினல் தாளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.